மண்ணின் வளமே ஊரின் வளம்

(தென்காசி வட்டாரத்துப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



குற்றால மலையில் சாரல் விழுந்ததும் நம் உள்ளம் குளிர்கிறது. சிற்றாறு பெருகும், குளங்கள் நிறையும், கார் நடவு தொடங்கும். நீரைப் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். அந்நீரைத் தாங்கி நிற்கும் மண்ணைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை.

காரும் பிசானமுமாக இருபோகம் விளையும் வயலிலிருந்து நாம் எடுத்துச் செல்வது நெல் மட்டும் அன்று. ஒரு டன் வைக்கோலில் சுமார் 15 கிலோ சாம்பல் சத்து அடங்கியுள்ளது. முன்னாளில் அவ்வைக்கோலை நம் மாடுகள் தின்றன. அது எருவாகி வயலுக்கே மீண்டது. இன்று உழவு மாடுகள் அருகிவிட்டன. வைக்கோல் லாரியேறி மலைக்கு அப்பால் கேரளம் செல்கிறது. பணம் கைக்கு வருகிறது; சத்தோ திரும்புவதில்லை. யூரியா தழைச்சத்தை மட்டுமே தரும், மட்கைத் தராது. மட்கு குறைந்த மண் இறுகும். ஈரத்தைப் பிடித்து வைக்காது. இட்ட உரமும் நீரோடு கரைந்து போகும்.

இதற்குப் பரிகாரம் நம் கையிலேயே உள்ளது. சித்திரையில் கோடை மழை ஈரத்தில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதையுங்கள். பூக்கும் தறுவாயில், சுமார் 45ஆம் நாளில், மடக்கி உழுது, ஒரு வாரம் நீர் கட்டி அழுகவிட்டு நடுங்கள். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. 2024ஆம் ஆண்டில் தொடங்கிய 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாளுர விதையை அரசு மானிய விலையில் வழங்கியது.

ஆனால் ஓர் இடையூறு உண்டு. கோடையில் மாடுகளை அவிழ்த்து விடுவது ஊர் வழக்கம். ஒருவர் மட்டும் விதைத்தால் அவர் வயலே மேய்ச்சல் நிலமாகிவிடும். குளத்து ஆயக்கட்டு முழுவதும் ஒருங்கே விதைத்தால்தான் பயிர் தப்பும். ஆட்டுக்கிடை அமர்த்துவதையும் விதைப்புக்கு முன்னரே முடித்துக்கொள்ள வேண்டும். இது தனியொருவரால் ஆகும் காரியம் அன்று. ஊர் கூடி முடிவு செய்ய வேண்டியது.

சாரல் எட்டாத ஆலங்குளம், சங்கரன்கோவில் பகுதி மானாவாரி உழவர்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு செய்தி. புர்கினா பாசோ நாட்டின் வறண்ட வடபகுதியில் யாக்கூபா சவதோகோ என்னும் உழவர், இறுகிக் கிடந்த தரிசில் கோடையிலேயே சாண் அகலக் குழிகள் வெட்டி எரு இட்டார். எருவை நாடி வந்த கறையான்கள் மண்ணைத் துளைத்தன. பெய்த மழை அத்துளைகளில் இறங்கியது. சோளம் விளைந்தது, மரங்களும் வளர்ந்தன. அது அந்நாட்டு முன்னோர் கைக்கொண்ட முறையே. அவர் அதனைத் திருத்திப் பரப்பினார். அதற்காக 2018இல் ரைட் லைவ்லிஹூட் என்னும் பன்னாட்டு விருது பெற்ற அவர், 2023இல் மறைந்தார். மண்வெட்டியும் எருவும் பொறுமையுமே அவருடைய முதல்.

உரமிடுமுன் மண்ணைச் சோதித்தறியுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குழி அருகு ஆகியவற்றை விலக்கி, பத்துப் பதினைந்து இடங்களில் அரையடி ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவை வேளாண்மை விரிவாக்க மையத்தில் சேர்ப்பியுங்கள்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். கோடை மேய்ச்சலை ஒழுங்கு செய்து, ஆயக்கட்டு முழுவதும் ஒரே வாரத்தில் பசுந்தாள் விதைக்கக் கிராம சபையில் தீர்மானியுங்கள். குளத்து வண்டலை வட்டாட்சியரின் அனுமதி பெற்று மேட்டு நிலங்களில் சேர்க்கச் சிறு உழவர்களுக்கு உதவுங்கள். ஊர்க்குப்பையில் மட்குவதைப் பிரித்து எருவாக்கி வயலுக்கு அனுப்புங்கள்.

சாரல் ஆண்டுதோறும் வரலாம், பொய்க்கலாம். அது நம் வசத்தில் இல்லை. பெய்ததைப் பிடித்து வைக்கும் மண்ணை ஆக்குவது நம் வசத்தில் உள்ளது. வரும் சித்திரையிலேயே தொடங்குவோம்.