பெயரைக் கேட்க ஒருவர்

(நம் மருத்துவமனையின் நண்பர்கள் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



பிரசவ வார்டைப் பற்றியும் கண் சிகிச்சை முகாம்களைப் பற்றியும் டாக்டரம்மா விவரமாகச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரத்தில், ஆண்டறிக்கையில் இடம் பெறாத சிலரைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

நம் ஊர் மலையைச் சுற்றிவரும் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவுகளில் லட்சக்கணக்கான ஜனங்கள் வெறுங்காலோடு அதில் நடக்கிறார்கள். விடிந்ததும் கூட்டம் பஸ் ஏறிப் போய்விடுகிறது. சிலர் மாத்திரம் போவதில்லை. அவர்களில் மெய்யாகவே துறவு பூண்டு வந்தவர்கள் உண்டு. வயிற்றுப்பாட்டுக்காகக் காவி கட்டியவர்களும் உண்டு. இவர்களுக்கு நடுவே, சித்தம் கலங்கி எந்த பஸ்ஸில் ஏறினோம் என்றே அறியாமல் வந்து சேர்ந்தவர்களும், வீட்டாரே கூட்டிவந்து விட்டுப்போனவர்களும் இருக்கிறார்கள். ஜடாமுடியும் அழுக்குத் துணியுமாய் உட்கார்ந்திருப்பவர் தியானத்தில் இருக்கிறாரா, நோயில் இருக்கிறாரா என்று தூரத்திலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

ஊரைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. இறைவனையே பித்தன் என்று அழைக்கும் மரபுள்ள தேசம் இது. 1889இல் இவ்வூருக்கு வந்து 1929இல் மறையும்வரை இதே தெருக்களில் நடந்த சேஷாத்திரி சுவாமிகளைப் பைத்தியம் என்றவர்களும் உண்டு, மகான் என்று கும்பிட்டவர்களும் உண்டு. அவர் கடைக்குள் நுழைந்து சாமானை வாரி இறைத்தால் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்ட வியாபாரிகளின் ஊர் இது. விநோதமாக நடந்துகொள்கிறவரை இந்த ஊர் எளிதில் துரத்துவதில்லை. கிரிவலப் பாதையில் உட்கார்ந்தவருக்கு அன்னதானம் கிடைத்துவிடும். பெரிய பட்டணங்களில் இந்த அளவு இரக்கத்தைக் காண்பது அரிது. ஆனால் சோறு போடுகிறவர் எவரும், அம்மா உன் பேர் என்ன, எந்த ஊர் என்று கேட்பதில்லை. சாமியாரிடம் பூர்வாசிரமம் கேட்கக்கூடாதல்லவா! அந்த மரியாதைக்குள்ளேயே நோயாளியும் மறைந்துபோகிறார்.

அப்படி மறைந்திருந்தவர் ஒருநாள் இரவில் அலறுகிறார், கல்லை எடுக்கிறார், நடுரோட்டில் போய் நிற்கிறார். அப்போது ஊர் பதறுகிறது. முதலில் கயிறு வருகிறது. அடுத்து மந்திரிப்பவர் வருகிறார். முடியாவிட்டால் லாரியில் ஏற்றி வேறு ஊர் எல்லையில் இறக்கிவிடுவதும் நடக்கிறது. நம் சபைகள் இதற்கு விலக்கு என்று நினைக்க வேண்டாம். உபவாச ஜெபத்துக்கென்று கூட்டிப்போய், மாத்திரையையும் நிறுத்திவிட்டு, நிலைமை முற்றியபின் எங்கள் வாசலுக்கு வருகிற விசுவாசக் குடும்பங்கள் உண்டு. ஜெபம்பண்ணுங்கள், நாங்களும் ஜெபிக்கிறோம். மாத்திரையை நிறுத்தாதிருங்கள்.

கயிறும் சங்கிலியும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் மாநிலம் பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே சேர்த்தவர்களில் பெரும்பாலோர் பகைவர்களல்ல, பெற்றோரும் உடன்பிறந்தோரும்தான். வேறு வழி தெரியவில்லை.

மாற்கு எழுதின சுவிசேஷத்தின் 5ஆம் அதிகாரத்தில் கல்லறைகளில் குடியிருந்த மனுஷனை நீங்கள் அறிவீர்கள். மனநோய் எல்லாம் பிசாசின் கிரியை என்று காட்ட நாங்கள் இதை எடுக்கவில்லை. அப்படிப் போதிப்பது தவறு என்றே சொல்லுகிறோம். எங்கள் கண் அந்த ஊராரின்மேல் இருக்கிறது. அவர்களும் சங்கிலியைத்தான் கொண்டுவந்தார்கள். ஆண்டவரோ அவனிடம் பெயரைக் கேட்கிறார். பின்பு அவன் தெளிந்து, உடுத்தி, அமைதியாய் உட்கார்ந்திருப்பதைக் கண்டபோது ஊரார் பயந்தார்கள். ஏறக்குறைய 2,000 பன்றிகள் நஷ்டம், ஐயா, தயவுசெய்து எங்கள் எல்லையைவிட்டுப் போய்விடும் என்கிற ரீதியில் வேண்டிக்கொள்ளுகிறார்கள். அவன் கூடவே வருகிறேன் என்கிறான். ஆண்டவர் சம்மதிக்காமல், வீட்டாரிடம் போகச் சொல்லுகிறார்.

பெயரைக் கேட்பதும் வீட்டில் சேர்ப்பதும் இப்போது நம் நாட்டின் சட்டத்திலும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாமல் அலைந்து திரிகிற மனநோயாளியைத் தம் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலைய அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் அவரைச் சேர்க்க வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது. வீடற்றவராயிருந்தால், காணாமற்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். சங்கிலியிடுவது எந்த வடிவிலும் தடை. ஆபத்தான நேரத்தில், மனநல நிபுணர் வரும்வரை காத்திராமல், பதிவுபெற்ற எந்த மருத்துவரும் அவசர சிகிச்சை தரலாம். இதற்கு 72 மணி நேர வரம்பு உண்டு. கூட இருக்கும் பொறுப்பாளரின் சம்மதம் பெற வேண்டும்.

சட்டத்தைப் படித்துக் காட்டுவது போதகரின் வேலையா என்று சிலர் நினைக்கலாம். அது எப்படி உயிர் பெறுகிறது என்று பாருங்கள். ஒரு தை மாதப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை, டீக்கடைக்காரர் ஒருவர் ஆட்டோவில் ஒரு அம்மாளைக் கூட்டிவந்தார். நாற்பது வயதிருக்கும். கைகள் துண்டால் கட்டப்பட்டிருந்தன.

"ஐயா, ராத்திரி முழுக்க ரோட்டு நடுவுலயே நின்னுச்சு. பஸ்சு அடிச்சிடும்னு பயந்து கட்டினோம், தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார்.

அவர்மேல் எங்களுக்கு வருத்தம் வரவில்லை. துண்டை அவரே அவிழ்த்தார். டாக்டரம்மா பரிசோதித்து, காவல் நிலையத்துக்குச் சொல்லியனுப்பினார்கள். வந்த பெண் காவலர் முறைப்படி எழுதி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தார். 2013இல் அந்தக் கல்லூரி இங்கே தொடங்கியது நமக்கெல்லாம் பெரிய ஆசீர்வாதம். அந்த அம்மாள் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. சித்தூர்ப் பக்கத்துப் பெண்ணான நம் நர்ஸ் ஒருவர் மாலைதோறும் போய், பக்கத்தில் உட்கார்ந்து, தெலுங்கில் சும்மா பேசிக்கொண்டிருப்பார். நான்காம் நாள் அந்த அம்மாள் தன் பேரைச் சொன்னாள். அப்புறம் ஊரின் பேர். இரண்டு வாரத்தில் அவளுடைய தம்பி வந்தார். கூட்டத்தில் கையை விட்டுவிட்டோம் என்று மலைப்பாதை முழுவதும் மூன்று முறை தேடியதாகச் சொல்லி அழுதார்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. வீட்டார் வந்து பார்த்துவிட்டு, இவர் எங்களுக்கு வேண்டாம் என்று திரும்பிப் போனதும் உண்டு. அவர்களையும் நாம் நியாயந்தீர்க்கலாகாது. வருஷக்கணக்காகத் தூங்காதவர்கள் அவர்கள். 80 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957இல் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கவேண்டும் என்ற முறையைக் கைக்கொண்டார்கள். வீட்டாரே நோயைப் புரிந்து, மருந்து கொடுக்கப் பழகி, கூட்டிப்போனார்கள். பூட்டிய வார்டைவிட இது நலமான வழி என்பது எங்கள் அபிப்பிராயம்.

இனி உங்கள் காணிக்கையைப் பற்றி. இந்த ஊழியத்துக்குப் பெரிய கட்டடம் எதுவும் தேவைப்படவில்லை. வீடு திரும்புகிறவருக்குத் துணைபோகும் ஊழியரின் பஸ் கட்டணம், மாற்றுத் துணி இரண்டு, அரசு மருத்துவமனையில் வாங்கும் மாத்திரை தீருமுன் நினைவூட்டிப் பேசும் ஒரு போன், இவை போதும். மாதந்தோறும் ஒரு சிறு தொகையாக அனுப்பினால், ஒரே தடவையில் பெரிதாக வருவதைவிட எங்களுக்கு உதவியாயிருக்கும்.

கடைசியாக ஒன்று. 2022 அக்டோபர் 10ஆம் தேதி மத்திய அரசு டெலி மானஸ் என்ற தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். உடனே ஆம்புலன்ஸ் வேண்டுமானால் 108. இரண்டு எண்களும் அச்சிட்ட அட்டைகளை வாசல் மேஜையில் வைத்திருக்கிறோம். ஆளுக்குப் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் கிரிவலப் பாதை டீக்கடைகளில் நிறுத்தி, பாய்லர் பக்கமாக ஒட்டச் சொல்லிவிட்டுப் போங்கள். ராத்திரியில் கடை திறந்திருப்பது அவர்கள்தான்.