கலிங்கை அடைக்கும் மாத்திரை



31 வருடம் மருந்துக்கடையில் நின்றவன் நான். கடை சாத்துகிற நேரம் பார்த்து ஒருவர் வருவார். எதிர்த்த டீக்கடை ஓரமாக நின்று, கடையில் பெண்கள் யாராவது இருந்தால் அவர்கள் போகிற வரைக்கும் காத்திருப்பார். பிறகு மெல்ல வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு காலி அட்டையை எடுத்து, உள்ளங்கையால் பொத்தியபடி என் பக்கம் தள்ளுவார். "அண்ணே, இது இருக்கா?" அவ்வளவுதான் பேச்சு. அட்டையைப் பார்த்தால் சில்டெனாபில். "டாக்டர் சீட்டு வச்சிருக்கீங்களா? நெஞ்சுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேனோ இல்லையோ, முகம் இருண்டுவிடும். அட்டையை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவார். கேட்காமல் கொடுக்க அடுத்த தெருவில் கடை இருக்கிறதே!

அந்த மனிதரை நினைத்துத்தான் இன்று இதைப் பேச ஒப்புக்கொண்டேன்.

அந்த மாத்திரை எந்தக் குறைக்கோ, அந்தக் குறைக்கு நாம் வைத்திருக்கும் பெயரே முதல் கேடு. ஆண்மைக்குறைவு என்கிறோம். சுவரில் விளம்பரம் எழுதுகிறவர்கள் நரம்புத் தளர்ச்சி என்கிறார்கள். விறைப்புக் குறைபாடு என்று சொல்லுங்கள் ஐயா. மனக்கவலையாலும் வரும், ஆனால் நடுவயதுக்கு மேல் பெரும்பாலும் அது ரத்த ஓட்டத்தின் கோளாறு. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயது வரையுள்ள ஆண்களிடம் நடந்த ஆய்வு 1994-இல் வெளிவந்தது. நூற்றுக்கு 52 பேருக்கு இது ஏதோ ஓர் அளவில் இருந்தது. பாதிப் பேருக்கு இருப்பதை ஒருவருடைய அவமானம் என்று எப்படிச் சொல்வது?

மாத்திரை எப்படி வேலை செய்கிறது? நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். மனதில் ஆசை எழுந்ததும் நரம்பு நுனிகளும் ரத்தக் குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிடுகின்றன. அதுதான் வரத்துக்கால். அதனால் சி.ஜி.எம்.பி. என்றொரு பொருள் உருவாகி, ஏரியில் தண்ணீர் சேர்வதுபோல் சேர்கிறது. சேரச் சேரக் குழாய் தளர்ந்து, அகன்று, ரத்தம் பாய்கிறது. சேர்ந்ததைச் சிதைத்துத் தீர்க்க உடம்பில் ஒரு நொதி உண்டு. அதை ஏரி நீரை வெளியேற்றும் கலிங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சில்டெனாபில் அந்தக் கலிங்கை அடைக்கிறது. வரத்தே இல்லாத ஏரியில் கலிங்கை அடைத்து என்ன பயன்? ஆசையும் அணுக்கமும் இல்லாமல் மாத்திரை மட்டும் வேலை செய்யாததற்குக் காரணம் இதுதான்.

சில்டெனாபிலைக் கண்டுபிடித்தவர்கள் தேடியது வேறொன்றை. இங்கிலாந்தில் சாண்ட்விச் என்ற ஊரில், பைசர் நிறுவனத்தின் ஆய்வகத்தில், ரத்தக் கொதிப்புக்கும் நெஞ்சுவலிக்கும் மருந்து தேடியபோது கிடைத்தது இது. 1998 மார்ச்சில் வயாகரா என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நைட்ரிக் ஆக்சைடின் வேலையைக் கண்டறிந்த பர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் அதே ஆண்டில் நோபல் பரிசு. அந்தப் பரிசை நிறுவிய ஆல்பிரட் நோபலுக்குக் கடைசிக் காலத்தில் நெஞ்சுவலி. மருத்துவர்கள் எழுதிக்கொடுத்தது நைட்ரோகிளிசரின். அவர் டைனமைட் செய்த அதே பொருள்! நம் வீட்டு அலமாரியில், நாக்குக்கு அடியில் வைப்பதற்கென்று இருக்கும் சார்பிட்ரேட்டும் அந்த நைட்ரேட் குடும்பத்துப் பிள்ளைதான்.

இங்கேதான் ஆபத்து. நைட்ரேட் மாத்திரை உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடைத் தருகிறது. வரத்துக்காலை அகலத் திறந்துவிடுகிறது. ஒரு மாத்திரை கலிங்கை அடைத்திருக்கும் வேளையில் இன்னொன்று வரத்தைத் திறந்தால் கரை நிற்குமா? உடம்பு முழுக்கக் குழாய்கள் ஒருசேர அகன்று, ரத்த அழுத்தம் சரிந்து, ஆள் மயங்கி விழுவார். உயிரே போகலாம்.

எண்ணிப் பாருங்கள். இரவு பதினொரு மணி. ஒருவருக்கு நெஞ்சை அடைக்கிறது. மனைவி பதறிக் கூப்பிட, பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வருகிறார், நல்ல மனிதர். தன் சார்பிட்ரேட்டில் ஒன்றை எடுத்து நாக்குக்கு அடியில் வைக்கிறார். ஒன்பது மணிக்கு விழுங்கிய மாத்திரை இந்த மூவரில் ஒருவருக்குத்தான் தெரியும். அவரால் பேச முடியவில்லை.

தாய்மார்களே, இந்தப் பேச்சை நீங்களும் இருந்து கேட்க வேண்டும் என்று வற்புறுத்தியது இதற்காகத்தான். வீட்டில் இந்த மாத்திரை இருந்தால் அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நெஞ்சுவலி வந்தால் 108-ஐ அழையுங்கள். வருகிறவர்களிடம் மாத்திரையின் பெயரையும் போட்ட நேரத்தையும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நைட்ரேட் இல்லாமல் கவனிக்க அவர்களிடம் வழி உண்டு. சில்டெனாபில் போட்டால் 24 மணி நேரம், அதே வகை மாத்திரையான டடாலபில் போட்டால் 48 மணி நேரம் நைட்ரேட் கூடாது. நைட்ரேட்டை அன்றாடம் சாப்பிடுகிறவருக்கு இந்த மருந்தே கிடையாது. இடைவெளி விட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சில்டெனாபிலை வழக்கமாகத் தொடங்குவது 50 மில்லிகிராம். 65 வயதைத் தாண்டியவருக்கும் ஈரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் 25. சுமார் ஒரு மணி நேரத்துக்கு முன் போட வேண்டும். பிரியாணி சாப்பிட்ட வயிற்றில் தாமதமாகும். அதற்காக இன்னொன்று போடாதீர்கள், ஒரு நாளைக்கு ஒன்றுதான். பிராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் போன்றவை சாப்பிடுகிறவர் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு வரலாம், தானே அடங்கும். ஆனால் திடீரென்று பார்வையோ காதோ மங்கினால், விறைப்பு நான்கு மணி நேரத்தைத் தாண்டினால், விடியட்டும் என்று படுத்திருக்காதீர்கள். உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

கடைக்கு ஒளிந்து வந்த அந்த மனிதர் இழந்தது இன்னொன்றும் இருக்கிறது. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாயின் அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். இதயத்தின் குழாய் மூன்று நான்கு. கொழுப்புப் படிந்தால் எது முதலில் அடைபடும்? நெஞ்சுவலி வருவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே இந்தக் குறை தலைகாட்டுவது உண்டு. மருத்துவரிடம் போயிருந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் பார்த்திருப்பார். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டிருப்பார். மாதம் ஒருமுறை லாட்ஜில் அறை எடுத்து உட்காருகிற போலி வைத்தியர்கள் இதில் எதையாவது கேட்கிறார்களா? மூலிகை என்று விற்ற பொருள்களில் சில்டெனாபிலே கலந்திருந்ததைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்திருக்கின்றன. இதய நோயாளி ஒருவர் லேகியம் என்று நம்பி அதைச் சாப்பிட்டால், தான் என்ன சாப்பிட்டோம் என்பது அவருக்கே தெரியாது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

கூட்டம் முடிந்ததும் பின்பக்க அறையில் ஒன்பது மணி வரை உட்கார்ந்திருப்பேன். தனியாகவும் வரலாம், தம்பதியாகவும் வரலாம். பையில் அட்டை இருந்தால் அதையும், வீட்டில் சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் பெயர்களையும் எடுத்து வாருங்கள். எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று பார்த்துச் சொல்கிறேன். பிறகு எந்த மருத்துவரிடம் போகலாம் என்றும் பேசுவோம்.