அத்துவிடுவதும் தீர்ப்பு வாங்குவதும்

(சுருளிப்பட்டியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டாங்க. விவாகரத்து பற்றிப் பேசுறேன்னு சொன்னதும் கூப்பிட்ட தோழர் முழிச்சார். "நம்ம கூட்டத்துல அது எதுக்கு?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தப் பேச்சு.

என் அம்மாச்சியை முதல் புருசனிடமிருந்து அத்துவிட்டது தெருக்கூட்டம். ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. வாங்கிய பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பிறகு அவள் வேறொருவரைக் கட்டி, திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போய் என் அம்மாவை வளர்த்தாள். "அறுத்துக் கட்டுற சாதி" என்று ஊர்க்காரர்கள் நம்மை ஏளனம் பேசினார்கள். அம்மாச்சி அதற்கு வெட்கப்பட்டதே இல்லை. வெட்கப்பட்டதெல்லாம் படித்து வேலைக்குப் போன நாம்தான். "நம்ம குடும்பத்துல அதெல்லாம் கிடையாது" என்று சொல்ல யாரிடம் கற்றுக்கொண்டோம்?

இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவில் அண்ணல் அம்பேத்கர் மணவிலக்கை வைத்தபோது சனாதனிகள் குதித்தார்கள். பெருவாரியான உழைக்கும் சாதிகளிடம் இந்த வழக்கம் ஏற்கெனவே இருக்கிறதே என்று அவர் திருப்பிக் கேட்டார். மசோதா முடக்கப்பட்டது. 1951 செப்டம்பரில் அவர் அமைச்சர் பதவியை விட்டு விலகியதற்கு அதுவும் ஒரு காரணம். 1955இல் வந்த இந்து திருமணச் சட்டம் மணவிலக்கை ஏற்றது. அதன் 29ஆம் பிரிவு வழக்கப்படியான விலக்கையும் விட்டுவைத்திருக்கிறது.

ஆனா அந்தத் தெருக்கூட்டத்தை நான் கும்பிடவும் மாட்டேன். அங்கே உட்கார்ந்து பேசியவர்கள் அத்தனை பேரும் ஆம்பளைகள். அம்மாச்சி தன் மூத்த பிள்ளையை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. என் அம்மா தன் அக்காவை முதன்முதலாகப் பார்த்தது தன் கல்யாணத்துக்குப் பிறகுதான்.

இப்ப என் கதை. நான் ஒரு தோழரைக் கட்டிக்கொண்டேன். அய்யரும் மந்திரமும் இல்லாத கல்யாணம். ஏழு வருசம் வாழ்ந்தோம். கடைசி இரண்டு வருசம் அடி வாங்கினேன். பிரியணும்னு சொன்னபோது தோழர்கள் வந்து உட்கார்ந்தார்கள். "இயக்கத்துக்குக் கெட்ட பேரு, பொறுத்துப் போ" என்றார்கள். இன்னொருத்தர், "நம்ம கல்யாணத்துக்குக் கோர்ட்டு எதுக்கு, 20 ரூபா பத்திரத்துல எழுதி முடிச்சிரலாம்" என்றார். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். விடுதலை பற்றிக் கவிதை எழுதுகிற எனக்கு அந்தப் பத்திரம் செல்லாது என்பது தெரியவில்லை.

1967இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த 7அ பிரிவால் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படியான திருமணம். எனவே அதை முறிக்கவும் தீர்ப்பு வேண்டும். பௌத்தர்களுக்கும் இதே சட்டம்தான். கிறிஸ்தவத் தோழர்களுக்கு 1869ஆம் ஆண்டுச் சட்டம். 2001இல்தான் அதில் பரஸ்பர சம்மத விலக்கு சேர்ந்தது. வழக்கப்படி அத்துவிட்டோம் என்று சொல்பவர், அப்படி ஒரு வழக்கம் தன் சமூகத்தில் உண்டு என்பதைச் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2002இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நிரூபிக்க முடியாவிட்டால் பத்திரம் வெறும் காகிதம். அதை நம்பி மறுபடி கட்டினால் இரண்டாவது கல்யாணம் செல்லாது, குற்றமும்கூட.

இருவரும் சம்மதித்தால், ஒரு வருசம் பிரிந்து வாழ்ந்தபின் 13ஆ பிரிவில் மனுப் போடலாம். அதன்பின் ஆறு மாதம் பொறுக்கணும். சேர வழியே இல்லையென்றால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் தீர்ப்பு வந்திருக்கிறது. ஒருவர் சம்மதிக்காவிட்டால் கொடுமை, இரண்டு வருசம் கைவிட்டுப் போனது போன்ற காரணங்களை நிரூபிக்கணும். மனைவி தான் இப்போது குடியிருக்கிற ஊருக்கான கோர்ட்டிலேயே மனுப் போடலாம். புருசன் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. வக்கீலுக்குக் காசு இல்லையா? 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப்பணிக் குழுவைக் கேளுங்க. ஜீவனாம்சத்துக்கு முன்பு 125ஆம் பிரிவு என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவு. அடி உதை இருந்தால் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. வீட்டைவிட்டு வெளியே தள்ளாமல் இருக்கவும் அதில் உத்தரவு கேட்கலாம்.

வங்கிக் கவுண்டரில் தினம் பார்ப்பதையும் சொல்கிறேன். நகை அவளுடையது, அடகுச் சீட்டு அவன் பேரில். பிரிந்தபின் அவள் வந்து நின்றால் நாங்கள் நகையைக் கொடுக்க முடியாது, சீட்டுக்காரரிடம்தான் கொடுப்போம். சீதனம் பெண்ணுக்கே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985இல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அதை வாங்க அவள் கோர்ட்டுக்குப் போகணும். குழுக்கடன் இதற்கு நேர்மாறு: வாங்கிச் செலவழித்தது அவன், கையெழுத்து அவளுடையது, தவணை கேட்டு வருவதும் அவளிடம். ஆகவே அடகுச் சீட்டு உங்க பேரில் இருக்கட்டும். நகை வாங்கின ரசீதைப் பத்திரமா வையுங்க. சம்மத மனுவில் கையெழுத்துப் போடுமுன் ஜீவனாம்சம், பிள்ளை, நகை பற்றி என்ன எழுதியிருக்கு என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்க.

எனக்குத் தீர்ப்பு வந்து மூணு வருசமாச்சு. அதற்கப்புறமும் ஒரு வருசம் ஆபீசில் சொல்லவில்லை. என் சேமிப்புக் கணக்கில் வாரிசுதாரராக அவர் பேர்தான் இருந்தது. அதை மாற்றும் படிவம் என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. வெட்கம். அம்மாச்சியிடம் இல்லாத வெட்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்த அன்றைக்குத்தான் படிவத்தை நிரப்பினேன். அம்மா பேரை எழுதினேன்.

தோழர்களுக்கு ஒன்று சொல்லணும். வீட்டில் அடி வாங்குகிற பெண் உங்களிடம் வந்தால் இயக்கத்தின் பேரைச் சொல்லித் திருப்பி அனுப்பாதீங்க. அம்மாச்சிக்கு நடந்த தெருக்கூட்டத்தையே மறுபடி நடத்தாதீங்க. அவளை அழைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போங்க. பேசி முடிப்பதாக இருந்தால் அந்தப் பேச்சில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும்.

விடிகாலையில் ஏலத்தோட்டத்து ஜீப்புக்குப் போகிறவங்க இருக்கீங்க, முடிச்சுக்கிறேன். ஆம்பளைங்க முன்னால கேட்கத் தயக்கமா இருந்தா, கூட்டம் முடிஞ்சதும் திண்ணைப் பக்கம் வாங்க. உட்கார்ந்திருப்பேன்.