எலக்ட்ரானைக் கொடுப்பது யார்?

சுசுமு கிட்டகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமர் யாகி மூவருக்கும் உலோக-கரிமச் சட்டகங்களுக்காக (எம்ஓஎஃப்) 2025இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதன்பின் அவற்றுக்கு நான் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. பாராட்டும் வேண்டிய மட்டும் கிடைத்தாயிற்று. எனவே நேரே ஒரு குறைக்கு வருகிறேன்.

ஒரு கிராம் தூளுக்குள் ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் பரப்பை ஒளித்துவைத்திருக்கும் இப்பொருள்கள் கார்பன் டை ஆக்சைடைப் பிடிப்பதில் வல்லவை. ஆனால் பிடித்த வாயுவை எரிபொருளாக மாற்றுவது வேறு வேலை. அந்த மூலக்கூறு எளிதில் அசைந்துகொடுப்பதில்லை. தனி ஒரு எலக்ட்ரானை அதில் ஏற்ற ஏறத்தாழ −1.9 வோல்ட் வேண்டும். புரோட்டான்களும் சேர்ந்து வந்தால் தடை தணியும். ஆனால் ஃபார்மிக் அமிலத்துக்கு இரண்டு, மெத்தனாலுக்கு ஆறு, மீத்தேனுக்கு எட்டு என எலக்ட்ரான்கள் தேவை. இவற்றைக் கொடுப்பது யார்?

2012இல் சீனாவின் ஃபூசோ பல்கலைக்கழகக் குழுவினர் அமினோ தொகுதி சேர்த்த டைட்டானியச் சட்டகம் ஒன்றைக் கண்ணுறு ஒளியிலேயே வேலைசெய்ய வைத்து ஃபார்மேட் எடுத்தார்கள். அருமையான வேதியியல். ஆனால் எலக்ட்ரானைக் கொடுத்துத் தான் அழிந்தது ட்ரைஎத்தனாலமைன். எத்திலீன் ஆக்சைடிலிருந்தும் அம்மோனியாவிலிருந்தும் ஆலையில் செய்யப்படும் பொருள் அது. அதைச் செலவழித்து மைக்ரோமோல் கணக்கில் ஃபார்மேட் எடுப்பது, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். வழிமுறையை ஆராய அது உதவலாம். எரிபொருள் என்று அதைச் சொல்லக் கூடாது.

1979இலேயே இனூவே, ஃபுஜிஷிமா, ஹோண்டா ஆகியோர் டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற குறைகடத்தித் தூள்களை நீரில் கலக்கி, ஒளி பாய்ச்சி, ஃபார்மிக் அமிலமும் மெத்தனாலும் கண்டார்கள். விளைச்சல் சொற்பம், ஆனால் எலக்ட்ரானை நீரிடமிருந்தே பெறும் அந்தத் திசை சரி. ‘நம் சட்டகங்கள் நீரில் சிதையுமே’ என்று இன்று சாக்குச் சொல்ல முடியாது. 1999இன் எம்ஓஎஃப்-5 ஈரக்காற்றிலேயே குலைந்தது உண்மை. ஆனால் 2008இல் ஆஸ்லோவில் பிறந்த சிர்கோனியச் சட்டகம் யூஐஓ-66 நீரைத் தாங்குகிறது.

இன்னொரு ஐயமும் உண்டு. நம் வினையூக்கியே கரிமப் பொருள். அதன் துளைகளில் தயாரிப்பின்போது தங்கிவிடும் டைமெத்தில்ஃபார்மமைடு நீராற்பகுப்படைந்தால் ஃபார்மிக் அமிலம் தரும். கார்பன்-13 அணுக்கள் கொண்ட கார்பன் டை ஆக்சைடை வைத்துச் சோதிக்காதவரை, கிடைத்த பொருள் வாயுவிலிருந்து வந்ததா, குடுவையின் அழுக்கிலிருந்து வந்ததா என்று எப்படிச் சொல்வது? (இந்தச் சோதனை பல கட்டுரைகளில் துணைக் கோப்பின் அடியில் கிடக்கிறது, சிலவற்றில் அங்கும் இல்லை.)

ஆகவே கட்டுரை வாசிக்கவிருக்கும் நண்பர்களுக்கு, இளைய ஆய்வாளர்களுக்குக் குறிப்பாக, ஒரு வேண்டுகோள். விளைச்சல் எண்ணைக் காட்டும் முன் எலக்ட்ரானின் மூலத்தைச் சொல்லுங்கள். இருட்டிலும் வாயு இல்லாமலும் செய்த சோதனைகளின் முடிவை உடன் வையுங்கள். நீரே எலக்ட்ரானைத் தருகிறது என்றால், வெளிவந்த ஆக்சிஜனை அளந்து காட்டுங்கள். அளக்கவில்லை என்றால் செயற்கை ஒளிச்சேர்க்கை என்ற பெயரை இந்த மேடையில் பயன்படுத்தாதீர்கள்.