பிச்சைக்கு உதவாத கைகள்

நியாயம், இரக்கம், தாழ்மை. கடவுள் மனிதனிடம் கேட்பது இவற்றைத்தான் என்கிறார் பைபிளில் வரும் மீகா தீர்க்கதரிசி. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது!

அதைச் செய்துகாட்டிய டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு, 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல்கள் மடங்கிப்போன ஒருவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தொடவே மற்றவர்கள் அஞ்சிய காலம். அந்தப் பிடியின் இறுக்கத்தில் டாக்டருக்கே கை வலித்தது! அப்படியானால் இந்தக் கையில் இன்னும் பலம் இருக்கிறதே என்று யோசித்தார். பிறகு இப்படிப்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சையில் நல்ல தசைநாரை இடம் மாற்றித் தைத்து, விரல்களை நிமிர்த்தினார்.

விரல் நிமிர்ந்து வீடு போனவர்களில் சிலர் திரும்பி வந்து குறைப்பட்டுக்கொண்டார்கள். விரல் நேரானதும் பிச்சை விழவில்லையாம். வேலை தரவும் ஆளில்லை. இரக்கம் மட்டும் போதாது என்பது அங்கே தெரிந்துபோனது. அவர்களுக்காகத் தச்சுப் பட்டறை தொடங்கினார். டாக்டருக்குப் படிக்கும் முன்பே கட்டடத் தொழில் கற்றவர் அல்லவா, தானே கூட நின்று சொல்லிக்கொடுத்தார்.

அங்கே இன்னொரு சிக்கல். இரவில் தூங்கப் போனவருக்குக் காலையில் விரல் நுனி இல்லை. கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தால், எலி! தொழுநோயால் மரத்துப்போன விரலைக் கடித்தால் தூங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? அதன்பிறகு வீடு திரும்புகிறவர்களுக்கு மருந்தோடு ஆளுக்கொரு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள்.