உழைத்து ஓய்ந்தோர்க்கு உறைவிடம் எங்கே?



கமக்காரரும் உத்தியோகத்தரும் நிறைந்த இவ்வவையில் நாம் ஒரு வினாவை எழுப்புகின்றோம். நம்மில் ஒருவர் வயலை விட்டோ கந்தோரை விட்டோ ஓய்ந்தால், உறுதி எழுதிய வீடு பலருக்கு உண்டு. வாடகை வீட்டில் முதுமையைக் கழிப்போரின் இடர் சிறிதன்று. ஆயினும் அவர் கையிலே பற்றுச்சீட்டாவது உண்டு.

மலையகத்திலே கொழுந்து பறித்து ஓய்ந்த தாய்க்கு என்ன உண்டு? லயத்திலே ஒரு காம்பரா! அதுவும் வேலைக்காகக் கொடுக்கப்பட்டதேயன்றி, உழைத்தவருக்கென்று கொடுக்கப்பட்டதன்று. செக்ரோலில் அவர் பேர் நின்றதும், மகனின் பேராலோ மருமகளின் பேராலோதான் அங்கே தங்குகின்றார். பிள்ளைகள் பிழைப்புத் தேடிக் கொழும்புக்குப் போய்விட்டால் அந்தப் பேரும் இல்லை.

சட்டம் இல்லையா என்பீர்கள். உண்டு. 1971ஆம் ஆண்டின் தோட்டக் குடியிருப்புச் சட்டம், நீதிமன்றக் கட்டளையின்றி எவரையும் வெளியேற்றலாகாது என்கின்றது. நன்று! ஆனால், வெளியேற்றாதிருப்பது வேறு. உரிமை அளிப்பது வேறு. கூரை ஒழுகினால் திருத்தித் தரும்படி அந்த மூதாட்டி எந்த உரிமையைக் காட்டிக் கேட்பார்?

இந்நிலை விதியால் வந்ததன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சியோரின் வழக்குத் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. காணியற்ற குடிகளுக்கு அரசு காணி பகிர்ந்த காலத்தில், இன்றைய முதியோர் பலர் குடிகளாகவே எண்ணப்படவில்லை. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசின் கைக்கு வந்தன. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. லயம் மட்டும் லயமாகவே நின்றது.

7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற திட்டத்தை நாம் வரவேற்கின்றோம். 2017இல் இந்தியா மேலும் 10,000 வீடுகளை அறிவித்ததையும் வரவேற்கின்றோம். ஆனால், அவ்வீடுகள் யார் பெயரில் எழுதப்படும்? இன்றைய செக்ரோலை மட்டும் பார்த்து எழுதினால், வாழ்நாளெல்லாம் மலையேறியவர் மீண்டும் பிறர் வீட்டு ஒண்டுக்குடியே ஆவார்.

ஆகவே நாம் கோருவது இதுவே: உழைத்த ஆண்டுகளே உரிமைக்கு அளவாகட்டும். ஓய்ந்தவரின் பெயரும் உறுதியில் ஏறட்டும். பிள்ளையற்றோரும் விடுபடலாகாது. நாம் காலையில் அருந்தும் தேநீர் அவர்கள் உழைப்பிலே விளைந்தது. அவர்கள் கேட்பது பிச்சையன்று. உழைத்த மண்ணிலே தமக்கென ஒரு கூரை!