ஆறின இன்ஜினைப் பாருங்க



1989-ல் தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் முதலில் தொடங்கினது நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான். சேமிக்க அப்போதே கற்றுக்கொண்டோம். சேமித்த பணத்தை ஏமாறாமல் செலவு செய்ய எங்க குழு கற்றுக்கொண்டது பழைய டிராக்டர் வாங்கப் போனபோது.

நாங்க பன்னிரண்டு பேர். எல்லார் வீட்டிலும் மாடு உண்டு. எரு அள்ள, ராகித்தாள், கடலைக்கொடி ஏத்திவர வாடகை வண்டிக்குக் காத்துக்கிடப்போம். அதுக்குள்ள மழை வந்தா தீவனம் நனைஞ்சு பூஞ்சை பிடிச்சிடும். அதனால் கடன் வாங்கி, முன்னால் லோடர் வைத்த பழைய டிராக்டர் வாங்க முடிவு செய்தோம்.

முதலில் பார்த்த வண்டி புதுப் பெயிண்டில் பளபளத்தது. ஆனால் இன்ஜினைத் தொட்டால் சூடு. “ஆறட்டும்ணே, அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க” என்று உட்கார்ந்துவிட்டோம். “பொம்பளைங்களுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?” என்றார் தரகர். ஆறினதும் ஸ்டார்ட் ஆகவே திணறியது. நீலப் புகை வந்தது. ஆயில் எரிந்தால்தான் அப்படி வரும். லோடர் பக்கெட்டில் மண் அள்ளித் தூக்கி, இன்ஜினை நிறுத்தச் சொன்னோம். பக்கெட் தானாகவே கீழே இறங்கியது. ஆர்.சி. புத்தகத்தில் வங்கிக் கடன் பதிவும் அப்படியே இருந்தது. தடையில்லாச் சான்று கேட்டோம், இல்லை. எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டு மாதம் தேடி வேறு வண்டி வாங்கினோம். பெயிண்ட் உதிர்ந்த வண்டிதான். ஆனால் இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டும் புத்தகத்தோடு ஒத்துப்போச்சு. தூக்கின பக்கெட் தூக்கினபடியே நின்றது.

நீங்களும் கேளுங்க, தொட்டுப் பாருங்க, அவசரப்படாதீங்க. இந்த வருசம் எங்க தீவனம் ஒரு கட்டுகூட நனையலை.